நிலவில் ஆறிய பால்

பருவத்துக்கேற்ப உணவையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளும் முறையை ஆயுர்வேதம் ‘ருதுசர்யை’ என்று வழங்குகிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் சூத்திரஸ்தானத்தின் 3ஆம் அத்தியாயம் இதற்கே உரியது. ‘அக்னி’ எனப்படும் செரிமான ஆற்றல் வலுத்திருக்கும் பனிக்காலத்தில் பாலில் செய்த பண்டங்கள் ஏற்கத்தக்கவை என்றும், பனியில் சேர்ந்த கபம் வெயில்பட்டு இளகும் இளவேனிலில் குளிர்ச்சியும் கனமும் இனிப்பும் மிக்கவை விலக்கத்தக்கவை என்றும் அது வகுக்கிறது.

அத்தியாயத்தின் அழகிய இடம் கோடைக்கு உரியது. சர்க்கரை கலந்த எருமைப்பாலை நிலவிலும் விண்மீன் ஒளியிலும் குளிரவிட்டு இரவில் பருகச் சொல்லும்போது, மருத்துவ நூல் சற்றே கவிதையாகிவிடுகிறது. பழனிமலை அடிவாரத்தில் மஞ்சளாறு அணையை ஒட்டிய கெங்குவார்பட்டி போன்ற ஊரில், காய்ச்சிய பாலை மண்பானையில் ஊற்றி, மெல்லிய துணியால் வேடு கட்டி மொட்டைமாடியில் வைத்தால், இராக்காற்றில் ஆடை மெல்லச் சுருங்கித் தடிப்பதைக் காணலாம்; கொழுப்பு மிகுதியாதலால் எருமைப்பாலின் ஆடை பசும்பாலினதைவிடக் கெட்டியானது. (விடியும்வரை விட்டுவைத்தால் கோடையில் அது திரிந்துபோகும் என்பதை எந்த நூலும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

ஆயினும் வடபுலத்து நாட்காட்டியை இங்கே அப்படியே பொருத்துவது பிழையாகும். தென்மேற்குப் பருவத்தில் மலைமறைவில் கிடக்கும் இப்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையே பெருமழையாதலால், மழைக்காலத்துக்கு நூல் கூறும் அக்னிமந்தமும் அப்போதே எதிர்பார்க்கத்தக்கது; தாண்டிக்குடி மலைச்சரிவில் விளையும் மிளகோடு சுக்கும் தட்டிப்போட்டுக் காய்ச்சிய பால் அந்நாள்களுக்கே பொருந்துகிறது.