கட்டையைப் பிடித்திருப்பது எது?

மீன்தொட்டி அலங்காரத்துக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. படத்தைப் பார்த்து ‘செம’ என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. ஆனால் ஜப்பானியர் தகாஷி அமானோவின் தொட்டிகளையும், அவர் நிறுவனம் 2001 முதல் நடத்தும் உலகப் போட்டிக்குச் சமீப காலமாக வரும் தொட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். அமானோவிடம் கட்டையைத் தண்ணீருக்குள் பிடித்திருப்பது எது என்று ஓரளவு ஊகிக்க முடியும். புதியவற்றில் அந்தக் கேள்வியே எழக்கூடாது என்று மெனக்கெட்டிருக்கிறார்கள். என் புகார் இதுதான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. மரத்தின் செல்சுவரை மட்டும் எடுத்தால் அது தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. கட்டையைத் தூக்குவது உள்ளே அடைபட்ட காற்று. வாரக்கணக்கில் ஊறவைத்தாலோ, பெரிய அண்டாவில் வேகவைத்தாலோ காற்று போய்த் தண்ணீர் ஏறும். டிகாஷன் நிறத்தில் டானின் சாயமும் கொஞ்சம் இறங்கும். அதுவரை பொறுக்க முடியாதவருக்குக் கல்தான் வழி. காய்ந்த கட்டை 2 கிலோ, கன அளவு 2.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க அமுக்கினால் அரை கிலோ விசையோடு மேலே வரப் பார்க்கும். கருங்கல்லும் தண்ணீரில் எடை இழக்கும், 1 கிலோ கல் சுமார் 620 கிராம்தான். ஆக 800 கிராம் கல் வைத்தால் சமன். நிம்மதியாகத் தூங்க ஒன்றரை கிலோ. அதையும் ஒரு முனையில் வைத்தால் மறுமுனை கிளம்பிவிடும். கட்டையின் பருமனான பகுதிக்குக் கிட்டத்தில் எடை விழ வேண்டும்.

அமானோவின் அழகு இந்தக் கணக்கிலிருந்து பிரிந்ததில்லை என்று நினைக்கிறேன். லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 2015-இல் திறந்த ‘நீருக்கடியில் காடுகள்’ அவருடைய கடைசிப் பெரிய வேலை. அதே ஆகஸ்டில் இறந்துவிட்டார். 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர். படங்களில் பார்த்தால் சாய்ந்த மரத்தண்டுகளின் அடியில் கற்கள் நெருக்கி நிற்கின்றன. கல் அங்கே அலங்காரம் மாதிரியும் தெரிகிறது, சுமை மாதிரியும் தெரிகிறது. செஞ்சிக்காரனுக்கு இது புதுசா என்ன? ராஜகிரியில் ஏறும்போது கோட்டைச் சுவர் எங்கே முடிகிறது, இயற்கைப் பாறை எங்கே தொடங்குகிறது என்று சட்டெனச் சொல்ல முடியாது. பாறையை மறைக்காமல், அதன் மேலேயே கட்டியிருக்கிறார்கள். எடை எங்கே இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

போட்டிகளில் ஓங்கிய ‘டயோரமா’ பாணி வேறு. விரல்நீளக் குச்சிகளை ஒட்டி ஒட்டி ஆலமரம், மலையிடுக்கு, குகை எல்லாம் செய்கிறார்கள். பஞ்சை இடுக்கில் திணித்து ஃபெவிக்விக் மாதிரி பசையை விட்டால் நொடியில் கல்லாகிவிடும் (சூடாகும், புகை கிளம்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்). கைத்திறனை மறுக்கவே மாட்டேன். எனக்கு வராது. ஆனால் அங்கே கட்டை கட்டையாக இல்லை, மூலப்பொருளாகிவிட்டது. அதன் வளைவு, பொந்து, ஆற்றில் தேய்ந்த பக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மீன்கூட அளவு காட்டும் பொம்மைதான். தண்ணீரை வடித்துவிட்டாலும் அந்தக் காட்சி அப்படியே நிற்கும். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அமானோ மீதும் ஒரு குறை உண்டு. அவர் படங்கள் எல்லாம் செடி நிறைந்து, தொட்டி உச்சத்தில் இருக்கும் நாளில் எடுத்தவை. கட்டையைக் கட்டிய நூல், திருகிய பலகைக்கல் எல்லாம் அதற்குள் பாசிக்கும் மணலுக்கும் அடியில் போய்விடும். பார்த்து ஆசைப்பட்ட புதியவர் காய்ந்த கட்டையைக் கொண்டுவந்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ‘டைட்டாக’ செருகிவிடுகிறார். அசையாதில்லையா! ஊறிய மரம் உப்பும். நார் ஓடும் நீளவாக்கில் உப்பல் ஒன்றுமே இல்லை எனலாம். குறுக்குவாக்கில் பல மரங்களில் நூற்றுக்கு ஐந்தையும் தாண்டும். குறுக்கே செருகிய கட்டை உள்ளிருந்து கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போவது கண்ணாடியோ சிலிக்கான் ஒட்டோ, மூன்றடித் தொட்டியில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வீட்டுக்குள் வரும். மீன் தரையில் கிடக்கும்.

பலகைக்கல் என்றதும் இன்னொன்று. வெளிநாட்டுப் புத்தகங்கள் ‘ஸ்லேட்’டில் திருகச் சொல்கின்றன. நம்மூரில் அதைக் கேட்டால் கடப்பா கல்லைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது சுண்ணாம்புக்கல். ஒரு சொட்டு வினிகர் விட்டால் சில சமயம் நுரைப்பதைப் பார்க்கலாம். தொட்டியில் மெதுவாகக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும், மென்னீர் மீன்களுக்கு ஆகாது. சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சிய கிரானைட் துண்டு போதும். டைமண்ட் பிட்டால் துளையிட்டு, அடியிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகைக் கட்டைக்குள் ஏற்றிவிட்டு, மேலே மணலைப் போடுங்கள். முழுக்க மூடாமல் கல்லின் ஒரு ஓரத்தை வெளியே விட்டால் எனக்குப் பிடிக்கும்.