பாடியவர் சாமியும் தொகுத்தவர் சாமியும்

1834 ஏப்ரலில் லத்வயார்வி என்ற கரேலியச் சிற்றூரில், அர்ஹிப்ப பெர்த்துனென் என்ற முதிய குடியானவரின் வீட்டுக்கு ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். வைத்தியம் பார்க்க வரவில்லை, பாட்டு எழுதிக்கொள்ள வந்திருந்தார். பெயர் எலியாஸ் லொண்ரொத். கயானி வட்டாரத்து அரசு மருத்துவர். ஏறத்தாழ 3 நாள் கிழவர் பாட, டாக்டர் எழுதினார். 4,000 அடிக்கு மேல் தேறியது. நடுவே கிழவர் தன் சிறுவயதை நினைத்துக்கொண்டார். மீன் பிடிக்கப் போன இரவுகளில் ஏரிக்கரையில் தீ மூட்டி, அப்பாவும் உடன் வந்த கூலியாளும் கைகோத்து உட்கார்ந்து விடியவிடியப் பாடுவார்களாம். பாடியதையே திரும்பப் பாடமாட்டார்களாம். தன் பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை என்பது கிழவரின் குறை. அந்தக் கணிப்பு பொய்த்தது. மகன் மீஹ்கலியும் பின்னாளில் பேர்பெற்ற பாடகரானார்.

அந்த அடிகளில் பல அடுத்த ஆண்டே ‘கலேவலா’ என்ற நூலுக்குள் போயிற்று. 1835இல் 32 பாடல்கள், 12,078 அடிகள். 1849இல் வந்த விரிந்த பதிப்பில் 50 பாடல்கள், 22,795 அடிகள். இன்று பின்லாந்துச் சாமிகளைப் பற்றிப் பேசுபவர் யாராக இருந்தாலும் இந்த இரண்டாம் பதிப்பைத்தான் கையில் வைத்திருக்கிறார். ஓடின், தோர் முதலான நார்ஸ் தெய்வங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய ‘எட்டா’. வாய்ப்பாட்டிலும் வழிபாட்டிலும் சிதறிக் கிடந்த தெய்வங்களை ஒரே நூலில் கோத்துக் கதையாக்கும் இந்த வேலை நன்மை செய்ததா, கெடுதல் செய்ததா?

முதலில் வரவுக் கணக்கு. ஸ்னோரி கிறிஸ்தவர். ஐஸ்லாந்து மதம் மாறி இரண்டு நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர். அவருடைய கவலை பக்தி பற்றியது அல்ல, செய்யுள் பற்றியது. பழைய அவைப்புலவர்கள் பொன்னைப் பொன் என்று சொல்லமாட்டார்கள். ‘சிஃபின் கூந்தல்’ என்பார்கள். லோகி என்ற குறும்பன் தோரின் மனைவி சிஃபின் முடியைக் கத்தரித்துவிட்டு, குள்ளர்களிடம் பொன்முடி செய்து வாங்கி வந்த கதை தெரியாதவனுக்கு அந்த அடி விளங்காது. இளம் புலவர்களுக்கு யாப்பும் சொல்லணியும் கற்பிக்க ஒரு கையேடு வேண்டும் என்று ஸ்னோரி உட்கார்ந்தார். சாமிகள் பிழைத்தது இலக்கணத்தின் தயவில்.

பின்லாந்திலும் நிலைமை அவசரமாகத்தான் இருந்தது. மேற்குப் பகுதிகளில் லூதரன் திருச்சபை பழம்பாட்டைப் பாவம் என்று ஒடுக்கிவிட்டிருந்தது. ரஷ்யப் பேரரசுக்குள், ஆர்த்தடாக்ஸ் சபையின் நிழலில் கிடந்த கிழக்குக் கரேலியாவில்தான் பாட்டு உயிரோடிருந்தது. அதைத் தேடி லொண்ரொத் நடந்தும் படகேறியும் பனிச்சறுக்கியும் அலைந்தார். படித்தவர்கள் ஸ்வீடிஷ் பேசிய ஒரு நாட்டில், குடியானவர் மொழியிலும் பெருங்காப்பியம் உண்டு என்று காட்டினார். அந்தக் கடனை யாரும் மறுக்க முடியாது.

இனி செலவுக் கணக்கு. ஸ்னோரியிடம் தெய்வங்கள் ஒரு பெரிய வீட்டுக் குடும்பம். ஓடின் குடும்பத் தலைவர். மற்றவர்கள் மகன், மருமகள், பங்காளி. முன்னுரையில் இவர்களெல்லாம் ஆசியாவிலிருந்து, ட்ராய் நகரத்து வழியில் வந்த மனிதர்கள், மக்கள்தான் கடவுளாக்கிவிட்டார்கள் என்றும் எழுதிவைத்தார். ‘ஏசிர்’ என்ற தெய்வக்குலப் பெயர் ‘ஆசியா’வோடு ஒலி ஒத்துப்போனது அவருக்கு வசதியாகிவிட்டது. ஆனால் 1070களில் ஜெர்மானியப் பாதிரியார் பிரேமனின் ஆடம் உப்சாலா கோயிலைப் பற்றி எழுதும்போது, நடுவில் வீற்றிருப்பவர் தோர். ஓடின் பக்கத்து இருக்கையில். மண்ணுக்கடியில் கிடைப்பதும் அதையே ஆமோதிக்கிறது. வைக்கிங் காலத்து மக்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டது தோரின் சுத்தியலைத்தான். டென்மார்க்கின் கோபெலெவில் 2014இல் கிடைத்த ஒரு பதக்கத்தில், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்றோ என்னவோ, ‘இது சுத்தியல்’ என்றே ரூன் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

உல் என்ற தெய்வத்தைப் பாருங்கள். எட்டாவில் அவருக்குக் கிடைத்தது சில வரிதான்: வில்லாளி, பனிச்சறுக்கில் வல்லவர், தோரின் மனைவி வயிற்றுப் பிள்ளை. ஆனால் ஸ்வீடனிலும் நார்வேயிலும் உல்லெவி, உல்லெரோக்கர், உல்லெவோல் என்று ஊர்கள் அவர் பெயரைச் சுமக்கின்றன. ஸ்வீடனின் லில்லா உல்லெவியில் 2007இல் தோண்டியபோது அவருடைய வழிபாட்டிடமே வெளிப்பட்டது. நேர்த்திக்கடனாகப் போட்ட இரும்பு வளையங்கள் அறுபதுக்கு மேல். எட்டாவின் பாதிக் கதைகளை இழுத்துச் செல்லும் லோகிக்கோ உறுதியாகச் சொல்லத்தக்க ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை, வழிபட்ட தடயமும் இல்லை. கதைக்குச் சுவையானவர் நூலில் பெரியவரானார். கும்பிடப்பட்டவர் ஓரத்துக்குப் போனார். சினிமாக்காரர்கள் லோகியைக் கொண்டாடுவதற்கு அவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. அந்த வேலை 800 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பின்லாந்தில் இந்த வித்தியாசத்தை இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். அதற்கு உதவுகிறவர் சாமிகளைத் திட்டிய ஒரு பாதிரியார். 1551இல் மிக்கேல் அக்ரிகோலா சங்கீதப் புத்தகத்தைப் பின்னிஷில் கொண்டுவந்தபோது, முன்னுரையில் ‘மூட ஜனங்கள்’ கும்பிட்ட தெய்வங்களைச் செய்யுளாக அடுக்கினார். காட்டுக்குத் தப்பியோ, தண்ணீருக்கு அஹ்தி, கம்புப் பயிருக்கு ரொங்கொதெயுஸ், பார்லிக்குப் பெல்லொன்பெக்கோ, பட்டாணிக்கு எக்ரெஸ். காட்டிலிருந்து அணில் தர ஒருவர், முயல் கொண்டுவர ஒருவர். விதைப்புக் காலத்தில் மழைத் தெய்வமான உக்கோவுக்குக் குடித்த பானத்தையும் குறித்திருக்கிறார். இந்தப் பட்டியலில் குடும்ப மரம் இல்லை, வீர சாகசம் இல்லை. ஆளுக்கொரு வேலை மட்டும் இருக்கிறது. கண்டிக்க எழுதிய அந்தப் பக்கத்தில் ஒரு விவசாயியின் முழு ஆண்டும் தெரிகிறது.

கலேவலாவில் அந்த வேலைக்காரத் தெய்வங்கள் மங்கிப்போய், நாயகர்கள் முன்னால் வருகிறார்கள். அக்ரிகோலா தெய்வமாக எண்ணிய வைனாமொயினனும் இல்மரினனும் லொண்ரொத்தின் கையில் முதுபெரும் பாடகனும் கொல்லனும் ஆகிறார்கள். வைனாமொயினன் உண்மையில் வாழ்ந்த ஒரு தலைவன் என்றே அவர் நம்பினார். அதற்காகப் படைப்புக் கதையையே நகர்த்தவேண்டி வந்தது. பாடகர்கள் பாடியதில் கடலில் மிதந்த வைனாமொயினனின் முழங்காலில் பறவை முட்டையிடும். அது உடைந்து உலகமாகும். 1835 பதிப்பிலும் அப்படித்தான். 1849இல் அந்த முழங்கால் இல்மத்தர் என்ற காற்றுக் கன்னியுடையதாகிவிட்டது. உலகம் உருவாகக் காரணமானவர் அதில் பிறந்த மனிதரானார்.

ஐனோவின் கதை இன்னும் துணிச்சலானது. நாட்டுப்பாடலில் வருபவள் பல இடங்களில் அன்னி என்ற பெண். தோப்பில் குளியலுக்குத் தழை ஒடிக்கும்போது ஓர் ஆண் வழிமறித்துப் பேசுகிறான். அழுதுகொண்டு வீடு வந்தவளிடம், பண்டசாலைக்குப் போய் நல்ல உடை உடுத்திக்கொள் என்கிறாள் தாய். அவள் அங்கே இடைக்கச்சையால் தூக்கிட்டுக்கொள்கிறாள். லொண்ரொத் இந்தப் பாடலை எடுத்து, வழிமறித்தவனைக் கிழவன் வைனாமொயினன் ஆக்கினார். பெண்ணை யொவுகஹைனன் என்ற இளைஞனின் தங்கை ஆக்கினார். தூக்கை நீரில் மூழ்குதலாக மாற்றி, தூண்டிலில் சிக்கி நழுவிய மீன்பெண்ணைப் பற்றிய வேறொரு பாடலோடு ஒட்டுப் போட்டார். ‘ஒரே’ மகள் என்பதில் வரும் ‘ஐனோ’ என்ற அடைமொழி அவளுடைய பெயரானது; பின்லாந்தில் இன்றும் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள். கலையாகப் பார்த்தால் கலேவலாவின் மிக உருக்கமான பகுதி இதுதான். பழஞ்சான்றாகப் பார்த்தால் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஒருவரின் படைப்பு.

வைனோ கவுகோனென் என்ற ஆய்வாளர் ஒவ்வோர் அடியாகச் சரிபார்த்து, லொண்ரொத் தாமே புதிதாக எழுதியவை நூற்றுக்கு 3 அளவே என்று கண்டார். ஆதரவாளர்கள் இந்த எண்ணை அடிக்கடி எடுத்து வீசுவார்கள். செங்கல் எல்லாம் பழைய வீட்டினுடையது என்பதால் கட்டிய வீடும் பழையதாகிவிடுமா? மாற்றம் நடந்தது அடிகளில் அல்ல, அவற்றை ஒட்டிய மூட்டுகளில்.

இரும்பின் பிறப்புப் பாடல் இதற்கு நல்ல சாட்சி. வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்காதபோது மந்திரக்காரர் அதைச் சொல்வார். இரும்பே, உன் பிறப்பு எனக்குத் தெரியும் என்று அதன் பூர்வீகத்தை எடுத்துரைத்தால் இரும்பு அடங்கும் என்பது நம்பிக்கை. கலேவலாவின் 9ஆம் பாடலில் அதே மந்திரம் வைனாமொயினனின் வெட்டுப்பட்ட முழங்காலுக்காக வருகிறது. வாசகர் அதைக் கதையின் ஓர் அழகான திருப்பமாகப் படித்துவிட்டு நகர்கிறார். ரத்தம் ஒழுகும் ஒரு மரவெட்டியின் காலருகே குந்தியிருந்த ஆளும், அந்த ஆளின் பதற்றமும் பக்கத்தில் இல்லை.

பாடகர்களும் காலங்காலமாக மாற்றிமாற்றித்தான் பாடினார்கள், அதே உரிமை தனக்கும் உண்டு என்று லொண்ரொத் வாதிட்டார். பாதி சரி. ஏரிக்கரையில் ஒருவர் மாற்றிப் பாடினால் அடுத்த ஊர்க்காரர் வேறு மாதிரி பாடிக்கொள்வார். அச்சேறிய மாற்றம் பள்ளிக்கூடப் பாடமாகும், ஓவியமாகும், தேசத்தின் முகமாகும். மற்ற வடிவங்கள் அதற்குப் பின்னால் மறைந்துபோகும்.

ஆனாலும் இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஸ்னோரி யாரிடம் எதைக் கேட்டார் என்பதற்கு ஆங்காங்கே அவர் மேற்கோள் காட்டும் செய்யுள்களும் பழைய தெய்வப் பாடல்கள் அடங்கிய, 1270 வாக்கில் எழுதப்பட்ட ஒரு தோல் ஏடும் தவிர நமக்குப் பெரிய துணை இல்லை. லொண்ரொத்தின் கையெழுத்துக் குறிப்புகள் அழியாமல் இருக்கின்றன. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதியெடுத்த பாடல்கள், 1908 முதல் 1948 வரை 33 தொகுதிகளாக அச்சாகின. 1997இல் ஒரு தொகுதி சேர்ந்தது. இன்று அவை இணையத்திலும் கிடைக்கின்றன. எந்த ஊரில் பாடியது என்ற குறிப்போடு, லத்வயார்விக் கிழவர் பாடியது அங்கே கிழவர் பாடியபடியே இருக்கிறது. தான் செய்த மாற்றத்தைப் பிறர் கண்டுபிடிக்கும்படி தடயத்தை விட்டுச்சென்ற தொகுப்பாளர் என்ற அளவில் லொண்ரொத்துக்கே என் மதிப்பெண் கூடுதல்.

கலேவலா தமிழிலும் இருக்கிறது. பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் என்கிற ஆர். சிவலிங்கம் முழு நூலையும் செய்யுளாக மொழிபெயர்க்க, 1994இல் வெளிவந்தது. அதை மறுபதிப்பிட முன்வரும் பதிப்பகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பின்னிணைப்பாக ஒரு பத்துப் பாடல்களையாவது, பாடியவர் பெயரும் ஊரும் போட்டு, மூலவடிவிலிருந்து தமிழாக்கிச் சேருங்கள். அன்னியின் பாடலிலிருந்து தொடங்கலாம்.