இருபா இருபஃதில் வினாவும் வழிபாடும்

ஆராய்ச்சியறிவும் சமயவன்பும் ஓருள்ளத்தில் ஒருங்கு நில்லா என்பார் இருதிறத்தினர். பௌதிக நூல் முதலியன கற்று, பகுத்துப் பாராத எதனையும் ஏலேம் என்பார் ஒரு சாரார். பத்திநெறிக்கண் வினாவுதலே குற்றமாம் என்பார் மற்றொரு சாரார். தம்முள் மாறுபட்டார் போலத் தோன்றினும், ஒன்று புகுந்துழி மற்றொன்று அகலும் என்னும் முடிபில் இவ்விரு சாராரும் உடன்பட்டவரேயாவர். அம்முடிபு நம் சாத்திரத்துக்கு ஒக்குமோ என்பதனை, மெய்கண்ட சாத்திரம் 14-னுள் ஒன்றாகிய இருபா இருபஃது கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி மாறி அந்தாதியாய் வர, 20 செய்யுளான் இயன்றது இச்சிறுநூல். 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் தம் ஆசிரியர் மெய்கண்டாரை முன்னிலைப்படுத்திப் பாடியது. ஆசிரியரைச் சிவமெனவே கண்டு போற்றுதலின் இதனைத் துதிநூல் எனலாம். ஆயினும் இதன்கண் தலைமை பெற்று நிற்பது வேண்டுகோளன்று, வினாவேயாம். இறைவன் உயிரோடு என்றும் பிரிவின்றி நின்றானாயின், மலம் அவ்வுயிரை மறைத்தது எங்ஙனம்? அறியாமை உயிர்க்கு இயல்பெனின் நீங்குமாறு என்னை? இயல்பன்றெனின் வந்தவாறு என்னை? இத்தகைய தடைகளை இருபுறமும் அடைத்து அவர் ஆசிரியர் திருமுன் வைக்கின்றார். ஓரிடத்தே ஆணவத்துக்கு 8, மாயைக்கு 7, கன்மத்துக்கு 6 எனக் குணங்களைப் பகுத்தெண்ணவும் செய்கின்றார். போற்றுதலும் பகுத்தாய்தலும் ஒரே செய்யுளில், ஒரே மூச்சில் நிகழ்கின்றன.

விடை முன்னரே அறிந்த மாணாக்கர் மரபு பற்றி வினாவினாரன்றி, இவை உண்மை ஐயங்கள் அல்ல என்று சிலர் கூறலாம். அங்ஙனமாயின், எளிதில் விடுக்கப்படுமாறு அவற்றை அமைத்திருப்பார். இவரோ எவ்வழிச் செல்லினும் இடர்ப்பாடு நேருமாறு அமைக்கின்றார். விடை வினாவினுள்ளே பொதிந்து கிடப்பினும், கற்போன் அதனைத் தன் முயற்சியாற் பிரித்தெடுத்தல் வேண்டும். இச்செறிவினால் உரைத்துணையின்றி நூல் விளங்காதென்பது உண்மையே. அக்காரணத்தாற்றான் பலரும் இதனைத் துதியென ஓதிக் கழிக்கின்றனர்.

சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றிருந்த இவர், திருவெண்ணெய்நல்லூரில் இளையராகிய மெய்கண்டாரை அணுகி, ஆணவத்தின் உருவம் யாது என வினாவ, அவர் வினாவி நின்றாரையே நோக்கினர் என்பது செவிவழி வரலாறு. இதனை வினாவுதலைக் கடிந்த செய்தியாக எடுத்துரைப்பர். அது பொருந்தாது. ஆங்கு வினா மறுக்கப்பட்டிலது. மிகத் திட்பமாக விடுக்கப்பட்டது. வினாவியவர் தம்மை ஆராய்ச்சிக்குப் புறம்பே நிறுத்திக்கொண்டதொன்றே குறை. ஆணவத்தின் எண்குணங்களுள் மதமும் நகையும் எண்ணப்பட்டிருத்தல் நோக்குக, வினா எண்ணப்பட்டிலது. பண்டிதர் துறந்தது மதத்தையேயன்றி வினாவையன்று. ஆட்பட்ட பின்னரன்றோ இருபா இருபஃது பிறந்தது! சிவஞான சித்தியாரின் பரபக்கத்தே உலோகாயதம் முதலிய பிறர் கொள்கைகளை முன்னர்க் கூறிப் பின்னர் மறுத்ததும், சுபக்கத்தை அளவையோடு தொடங்கியதும் அதன் பின்னரேயாம்.

இம்மதத்தால் ஆராய்ச்சியும் கெடும் என்பதற்கு வானநூலினின்று ஒரு சான்று காட்டுவாம். யுரேனசின் இயக்க வேறுபாட்டினின்று, காணப்படாத கோளொன்றின் இடத்தை லெவெரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் கணித்தார். 1846ஆம் ஆண்டு பெர்லினில் அக்கோள் காணப்பட்டது. அதுவே நெப்டியூன். புதன்கோளின் இயக்க வேறுபாடு கொண்டு, சூரியனுக்கு அருகே இன்னுமொரு கோள் உளதாம் என்று அவரே 1859இல் கூறினார். அஃது இல்லை. அவ்வேறுபாட்டின் உண்மைக் காரணத்தை 1915இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். ஈரிடத்தும் கருதலளவை ஒன்றே. பிந்தியதில் அது பிழைத்தது, வேறு ஏது இருத்தல் கூடும் என்பதை ஆராயாமையால். ஆதலின் அறிவைக் கெடுப்பது அன்புமன்று, ஐயமுமன்று; இனி வினாவ வேண்டுவதில்லை என்னும் செருக்கேயாம். இஃது ஆராய்ச்சியாளர்க்கும் அடியார்க்கும் ஒக்கும்.

அற்றேல், கோளை அறிந்தவாறே சிவத்தையும் அறியலாமோ எனின், அறியலாகாது. சுட்டியறியப்படுவது அசத்து, எவ்வாற்றானும் அறியப்படாதது இல்பொருள், இவ்விரண்டுமல்லாதது சிவசத்து என்பது சிவஞானபோதத்து ஆறாஞ் சூத்திரத்தின் கருத்து. அறிவுக்கு ஈண்டு இடப்பட்ட எல்லை ஆணையால் இட்டதன்று, ஏதுவால் நிறுவியதாம். அந்நூல் உலகுக்கு முதல்வன் உளன் எனக் கருதலளவையால் தொடங்கி, பதினோராஞ் சூத்திரத்தில் மறவாத அன்பினை உணர்த்தி, அடியார் வேடமும் ஆலயமும் வழிபடுதலில் முடிகின்றது. தொடங்கிய ஏது முடிவில் எறியப்படவில்லை. அதன் மேலேயே வழிபாடு எழுப்பப்பட்டது.

இங்ஙனமாகவும், மேற்கோளை மட்டும் மனனம் செய்வித்து, ஏதுவை விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உளது. இளைஞன் ஒருவன் "ஏன்?" என வினாவின், அவனை நாத்திகன் என்கின்றோம். அவன் பின்னர் நம்மை விட்டு நீங்கின், சைவத்தை ஆராய்ந்து நீங்கினான் என்பது பொருந்தாது. ஆராயத்தகும் சைவம் அவனுக்குக் காட்டப்படவேயில்லை. சாத்திர வகுப்பு நடத்தும் அன்பர்கள் இருபா இருபஃதின் வினாக்களை ஒவ்வொன்றாக மாணாக்கர்முன் வைத்து, உரையைத் திறக்குமுன் அவரே விடுக்க முயலுமாறு பயிற்றுதல் நலம். முதல்நாளில் விடை வாராதொழியினும் இழுக்கில்லை. அருணந்தியாரும் வினாவோடேயே தம் ஆசிரியர் திருமுன் நின்றார்.