வாகனோவாவின் வகுப்பறை

ரஷ்ய பாலேவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மேடையைத்தான் எழுதினார்கள். பாவ்லோவா, கர்சாவினா, நிஜின்ஸ்கி என்று பெயர்கள் வரிசையாக வரும். அவர்கள் படித்த அதே பீட்டர்ஸ்பர்க் பள்ளியிலிருந்து 1897-இல் வெளிவந்த அக்ரிபினா வாகனோவாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் இன்று அந்தப் பள்ளியே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மேடையில் முழுமையாக வெல்லாத ஒருத்தி 20-ஆம் நூற்றாண்டின் தலையாய பாலே ஆசிரியரானது தற்செயலல்ல என்பதே என் எண்ணம்.

1879-இல் பிறந்தவர். ஆர்மீனிய வழிவந்த தந்தை, மாரின்ஸ்கி அரங்கில் பார்வையாளர்களை இருக்கை காட்டி அமர்த்தும் ஊழியர். பள்ளி முடித்து அதே அரங்கின் குழுவில் சேர்ந்த மகளுக்கு உடல்வாகு கைகொடுக்கவில்லை. தாவலும் பாத வேலையும் அபாரம். தோற்றத்தில்தான் குறை கண்டார்கள். முதுபெரும் நடன அமைப்பாளர் பெதிபாவுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. நாட்குறிப்பில் கடுமையாக எழுதிவைத்திருக்கிறார். குறுகிய தனி நடனங்களில் ஒளிர்ந்ததால் 'வேரியேஷன்களின் அரசி' என்ற பெயர் கிடைத்தது. பாராட்டுதான், முழு பாலேயைத் தாங்கும் நாயகி அல்ல என்ற குத்தலும் அதற்குள் இருக்கிறது. பாலரீனா என்ற உச்சப் படிநிலை 1915-இல் வந்தது. மறு ஆண்டு மேடையை விட்டார்.

இந்த இருபது ஆண்டுகளில் அவர் செய்த உண்மையான வேலை, யோசித்ததுதான். அன்றைய பீட்டர்ஸ்பர்க்கில் இரண்டு வழிகள் மோதிக்கொண்டிருந்தன. பழைய பிரெஞ்சு வழி மென்மையானது, நளினமானது, கொஞ்சம் தளர்ந்தது. இத்தாலியர்களுடையது உரமும் வேகமும். லெஞானி என்ற இத்தாலிய நர்த்தகி ஒற்றைக் காலில் 32 முறை தொடர்ந்து சுழன்றபோது நகரமே வாய் பிளந்தது. அவர் ஏன் தடுமாறவில்லை? இந்தக் கேள்வியை வாகனோவா விடவில்லை. இத்தாலிய ஆசான் செக்கெட்டியிடம் பயின்ற பிரியோபிரஜென்ஸ்காயாவிடம் தானும் பாடம் கேட்டார். சுழற்சிக்கும் தாவலுக்கும் கால் மட்டும் போதாது, முதுகும் கைகளும் சேர்ந்து உந்த வேண்டும் என்ற தெளிவு அப்படித்தான் பிறந்தது. இத்தாலிய உரத்தைப் பிரெஞ்சு நளினத்தோடு பிணைத்ததே பின்னாளில் அவருடைய முறை எனப்பட்டது. உடலே எல்லாவற்றையும் தானாகச் செய்துகொடுத்திருந்தால் இவ்வளவு தோண்டியிருப்பாரா?

பாவ்லோவா இதற்கு நேரெதிர். தமிழ் வாசகருக்கு அவர் அந்நியரல்ல. ருக்மிணி தேவியை இந்திய நடனத்தின் பக்கம் திருப்பியவர், ருக்மிணி தேவிக்கு பாலே கற்பித்த கிளியோ நோர்டியும் அவர் குழுவைச் சேர்ந்தவரே. வாகனோவாவுக்கு இரண்டாண்டு பிந்தித் தேறிய இந்த மேதை உலகமெங்கும் ரசிகர்களை விட்டுச்சென்றார். கற்பிக்கும் முறை ஒன்றை விட்டுச்செல்லவில்லை.

புரட்சி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1917-இன் கடைசியில் துணைவர் தற்கொலை செய்துகொண்டார். விமர்சகர் வொலின்ஸ்கி நடத்திய தனியார் பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கிய வாகனோவா, 1920களின் தொடக்கத்தில் தன் பழைய பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். பாலே ஜாரின் அரண்மனைக் கலை, ஒழித்துவிட வேண்டும் என்ற குரல்கள் ஓங்கி ஒலித்த காலம் அது. அவற்றுக்கு அவருடைய பதில் மாணவிகள்தான். 1925-இல் செம்யோனோவா, 1928-இல் உலனோவா, 1931-இல் துதின்ஸ்காயா, கடைசியாக 1951-இல் கொல்பகோவா என்று அவரிடம் பயின்று தேறி வெளிவந்தார்கள். செம்யோனோவாவிடம் கம்பீரம், உலனோவாவிடம் அடக்கம், துதின்ஸ்காயாவிடம் மின்னல் சுழற்சி. ஒரே ஆசிரியரின் கையில் வளர்ந்தவர்கள் என்று சொன்னால் நம்ப முடியாது.

காரணம் வகுப்பிலேயே இருக்கிறது. செக்கெட்டி வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் மாறாத பயிற்சி வரிசை ஒன்றை வகுத்திருந்தார். வாகனோவா கோவைகளை மாற்றிக்கொண்டே இருந்தார். செய்துகாட்டினால் போதாது, அந்த அசைவு ஏன் அப்படி என்று மாணவி விளக்கவும் வேண்டும்.

1931 முதல் 1937 வரை அரங்கின் பாலே பிரிவுக்கும் அவரே தலைமை. அன்னப் பொய்கையையும் எஸ்மெரால்டாவையும் புதுக்கி அரங்கேற்றினார். இரண்டாவதில் சேர்த்த டயானா-அக்டியோன் இணை நடனம் இன்றும் போட்டி மேடைகளில் ஆடப்படுகிறது. மற்றபடி அவர் பெருமை அங்கே இல்லை.

1934-இல் வந்த 'செவ்வியல் நடனத்தின் அடிப்படைகள்' பல மொழிகளுக்குப் போன நூல். உண்மையைச் சொன்னால் வறண்ட நூல். ஒவ்வொரு அசைவையும் துல்லியமாக வரையறுக்கிறது. வகுப்பின் சூடு அதில் இல்லை. பாடங்களை ஆண்டுவாரியாக விரித்து எழுதியவர்கள் கொஸ்த்ரோவித்ஸ்காயா போன்ற மாணவிகள். ஆகவே இன்று வாகனோவா முறை என உலகம் பயிலுவதில் பல கைகளின் வேலை கலந்திருக்கிறது. இதை ஆய்வாளர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

1951 நவம்பரில் லெனின்கிராடில் இறந்தார். 1957-இல் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவரை அறிய விரும்புவோர் நூலைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். முதலில் 1955-இல் வெளியான ரோமியோ ஜூலியட் பாலே திரைப்படத்தைப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய உலனோவா பதின்ம வயது ஜூலியட்டாக ஆடுகிறார். கால்களை விட்டுவிட்டு முதுகைக் கவனியுங்கள்.