சிலம்பக் கூடங்களும் தற்காப்பும்

சிலம்பம் கற்றால் ஆபத்து நேரத்தில் கைகொடுக்குமா என்று கேட்கிறவர்களிடம், எந்தக் கூடத்தில் என்ன கற்றீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே கம்பை வைத்துக்கொண்டு நம் ஆசான்கள் இரண்டு வித்தைகளைச் சொல்லித் தருகிறார்கள். ஒன்று அலங்கார வீச்சு. கோயில் கொடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கைதட்டல் வாங்குவது அதுதான். இன்னொன்று எதிரே ஆள் நிற்க, அடித்தும் தடுத்தும் ஆடுவது. முன்னது கண்ணுக்கு அழகு, உடம்புக்கும் நல்லது. ஆனால் அது மட்டுமே தெரிந்த பிள்ளைக்குத் தற்காப்புத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறவஞ்சி, கள்ளப்பத்து, துளுக்காணம், நாகம் பதினாறு என்று சிலம்பத்தில் பிரிவுகள் பல. ஒவ்வொரு ஊர் வாத்தியாரும் தம் முறையே மூலமுறை என்பார். அந்தச் சச்சரவுக்குள் இந்தக் கட்டுரை போகாது. குமரி மாவட்டத்துக்குப் போனால் கம்பைவிட வெறுங்கைக்கு மதிப்பு அதிகம். அங்கே அடிமுறையும் வர்மமும் ஆசான்மார் வழியாக வந்தவை. 2020-இல் வந்த ‘பட்டாசு’ படத்துக்குப் பிறகுதான் வட மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு அடிமுறை என்ற பெயரே தெரியவந்தது. மலையைத் தாண்டினால் வடக்கன் களரி. 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக மண்ணைத் தோண்டி அமைத்த களத்தில் முதலில் உடம்பைப் பழக்குவார்கள். பிறகு கோல், அதன்பின் வாளும் கேடயமும், வெறுங்கைப் பாடம் கடைசியில். வடகரை மீனாட்சி அம்மா எழுபது வயதைக் கடந்தும் களத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆயுதம் ஏந்தியவன் எதிரே வெறுங்கையோடு நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று அந்தப் பாட வரிசையே சொல்கிறது. இன்றைய கோடைக்கால வகுப்புகளிலோ முதல் நாளே கத்தியைப் பறிக்கச் சொல்லித் தருகிறார்கள்.

நல்ல சிலம்பக் கூடத்தில் கம்பு உடனே கைக்கு வராது. முதலில் கால்பாடம். அடி விழும் கோட்டிலிருந்து உடம்பை விலக்கி, அதே நொடியில் எதிராளியின் பக்கவாட்டில் போய் நிற்கக் கால் தானாகப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் நெற்றிமட்டக் கம்பு. ஜோடி சேர்ந்து ஆடும்போது முதலில் அடிபடுவது விரல் மூட்டு. மூங்கில் மொளியில் பட்டுத் தெறித்ததும் கண் தானாக மூடும், மூச்சு நிற்கும், அத்தனை நாள் சுழற்றிய சுழற்றல் எல்லாம் மறந்துபோகும். கண்ணை மூடாமல் இருக்கவும், அடி பட்ட பிறகும் கால் வைக்கவும் பழகுகிற அந்தச் சில மாதங்கள்தான் தற்காப்புப் பாடம். கம்பு முனையில் சாயம் தோய்த்துக்கொண்டு, யார் உடம்பில் எத்தனை தடம் என்று எண்ணும் பழைய ஆட்டமுறை இதற்காகவே ஏற்பட்டது. நெற்றியில் பொட்டு வைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இந்தத் தொடுமுறை இன்றைய போட்டிகளிலும் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் சான்றிதழ் முக்கியமாகிவிட்டால் தனிச் சுற்றுக்கே கூட்டம் சேரும். அதில் எதிரே ஆள் இல்லை, அடிபடும் பயமும் இல்லை.

ஜப்பானில் இதே சிக்கலை ஜிகோரோ கானோ தீர்த்த விதம் நமக்குப் பாடம். பழைய ஜுஜுத்சுப் பள்ளிகளில் கற்ற அவர், 1882-இல் ஜூடோவைத் தொடங்கும்போது ஆளை முடமாக்கும் பிடிகளைத் தாராளப் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிஞ்சியவற்றை இருவரும் முழுப் பலத்தோடு, ஒருவரை ஒருவர் எதிர்த்து, தினமும் பழகலாம் என்றாயிற்று. ‘கொல்லும் அடி’யைக் காற்றில் மட்டும் பழகியவனைவிட, சாதாரணத் தூக்கியெறிதலைத் திமிறும் ஆள்மீது ஆயிரம் முறை பழகியவன் தேறுவான் என்பதே அதன் கணக்கு. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் தெருவில் பயன்படுவது இந்தக் காரணத்தால்தான். நம் வர்மத்தையும் இந்த உரைகல்லில் உரசித்தான் பார்க்க வேண்டும். வைத்தியமாக அதன் பெருமை வேறு; மூன்று மாதம் பயின்றவர் ஓடிவரும் ஆளின் மேல் வர்மப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தால் ஆபத்து அவருக்குத்தான்.

போட்டி விதியும் தெருவும் ஒன்றாகிவிடாது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், கராத்தே கனரகப் பிரிவு இறுதியாட்டத்தில் உதை வாங்கி நினைவிழந்து விழுந்த ஈரான் வீரர் சஜ்ஜாத் கஞ்ச்ஸாதே தங்கம் வென்றார். உதைத்த சவூதி வீரருக்கு, அளவு மீறித் தாக்கியதற்காகத் தகுதியிழப்பு. விளையாட்டுக்கு அது நியாயமான தீர்ப்பு. தெருவில் நடுவர் கிடையாது.

பெண்பிள்ளைகளுக்கான பயிற்சியில் நம் கூடங்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான் குற்றவாளி என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. நாமோ இருட்டுச் சந்தில் பாயும் முகமறியாதவனுக்காகவே பாடம் நடத்துகிறோம். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வு கவனிக்கத்தக்கது. பாதிப் பேருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி: தெரிந்தவரின் அத்துமீறலை ஆரம்பத்திலேயே இனம்காண்பது, தயங்காமல் எதிர்த்துப் பேசுவது, தேவைப்பட்டால் அடிப்பது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் வன்புணர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8. மாமாவோ வாத்தியாரோ யாராயிருந்தாலும் “கையை எடு” என்று உரக்கச் சொல்லும் பழக்கத்தையும் கால்பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்க நம் ஆசான்களுக்கு என்ன தடை?

சட்டத்தையும் ஒரு மாலை சொல்லிக்கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. காப்பாற்றிக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் அடித்தால் அந்த உரிமை கூட வராது. ஓடித் தப்ப வழி இருந்தால் ஓடுவதே நல்ல ஆட்டம். கால்பாடம் அதற்கும் உதவும்.

இந்த மலரைப் புரட்டும் பெற்றோர், பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு மாலை கூடத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் தொங்கும் பதக்கங்களை விடுங்கள். பிள்ளைகள் ஜோடி சேர்ந்து, தலைக்கவசம் போட்டு, ஒருவரை ஒருவர் உண்மையாகவே தொட முயல்கிறார்களா, அடிபட்ட பிள்ளையை ஆசான் எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அப்படி ஆடாத கூடமானால், வேறு கூடம் பாருங்கள்.