நடுப்பகலில் உருகும் காலியம்

நான்காம் படிவ வகுப்பறைச் சுவரில் தொங்கிய தனிம அட்டவணையை மனப்பாடம் செய்தே நொந்துபோனவர்களுக்குச் சொல்கிறேன்: இது வேறு ரகம்! கனத்த அக்ரிலிக் பாளம். அதற்குள் கட்டம் கட்டமாக நிஜத் தனிமங்கள். செம்பு என்று எழுதிய இடத்தில் செம்பே இருக்கிறது. தங்கம்கூட உண்டு, கண்ணை இடுக்கித் தேட வேண்டும், அவ்வளவுதான். கெடாவின் செமிலிங்கில் என் மேசைக்கு இது வந்தபிறகு காலையில் செய்தித்தாள்கூட அப்புறம்தான்.

என் செல்லம் காலியம். 1871-இல், தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ், அலுமினியத்துக்குக் கீழே யாரும் காணாத தனிமம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கி, அதன் குணங்களையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார். 1875-இல் பிரெஞ்சுக்காரர் புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்றார். பொருளைக் கண்ணாலும் பார்க்காத மெண்டலீவ், சுத்தப்படுத்தி மறுபடி அளக்கச் சொன்னார், 5.9 வரவேண்டும் என்று. வந்தது! என்ன துணிச்சல் பாருங்கள்.

அதன் உருகுநிலை 29.76 பாகை செல்சியஸ். குளிர்நாட்டில் உள்ளங்கைச் சூட்டில்தான் உருக்கிக் காட்டுவார்கள். கெடா வெயிலுக்கு அந்தச் சிரமம் ஏது? காற்றாடி மட்டும் சுழலும் அறையில், மதியம் தன் கண்ணாடிக் குப்பிக்குள் தானே இளகிப் பளபளவென்று ஓடுகிறது. ராத்திரி குளிர்ந்தாலும் லேசில் உறையாது. உருகுநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே அடம்பிடிப்பது அதன் சுபாவம்.

இரும்புக் கட்டத்தைத் தொட்டால் எங்கள் ஊரே ஞாபகம் வரும். பக்கத்தில் சுங்கை பத்துவில், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மண் ஊதுகுழாய்களும் கசடும் குவியலாகக் கிடைத்தன. கடாரத்துக்காரன் மெண்டலீவுக்கு வெகுகாலம் முன்பே இந்தத் தனிமத்தோடு மல்லுக்கட்டியவன்.

அப்புறம் அந்த மஞ்சள் கந்தகம். மங்கில் சொட்டும் ரப்பர் பால் டயராக வேண்டுமென்றால் இது இல்லாமல் நடக்காது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைப்பதால்தான் இழுத்துவிட்டாலும் அது பழைய வடிவுக்குத் திரும்புகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட வித்தை. தோட்டத்துப் பிள்ளைக்கு வேதியியலை இங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்! ஈயச் சுரங்கத்துப் பேராக் கதைக்கு வெள்ளீயமும், கூலிம் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசச் சிலிக்கானும் இதிலேயே இருக்கின்றன.

குறை உண்டா? உண்டு. கதிரியக்கம் மிகுந்த தனிமங்களுக்கு வெறும் குறியீடுதான், அது நியாயமே. விலை கொஞ்சம் கடிக்கும். மலிவு விலையில் வருபவை பல வெறும் படம் அச்சிட்டவை. வாங்குமுன் நிஜ மாதிரிகள்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, பரிசளிப்பு விழாவில் கோப்பைகளுக்குச் செலவாகும் வெள்ளியில் கொஞ்சம் மிச்சம்பிடித்து உங்கள் தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று வாங்கிவையுங்கள். தயவுசெய்து தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டட்டும்.