களஞ்சியமும் கொத்தளமும்

ஸ்ட்ராங்ஹோல்ட் என்னும் கணினி விளையாட்டில் உள்கோட்டையைத் தரையில் ஊன்றிவைத்தவுடன் ஆடுகிறவன் கண்ணில் முதலில் படுவது மதிலும் அன்று, கொத்தளமும் அன்று. வாசலுக்கு முன்னே மூட்டிய ஒரு கணப்பும், செய்வதற்கு வேலை ஒன்றும் வாய்க்காமல் அதனைச் சூழ்ந்து கிடக்கும் சில குடியானவர்களுந்தாம். மரம்வெட்டிக்கு ஒரு குடில் அமைத்தால் அவர்களில் ஒருவன் கோடரியை எடுத்துக்கொண்டு காட்டை நோக்கி நடக்கிறான்; ஆப்பிள் தோட்டம் ஒன்றை இட்டால் இன்னொருவன் அதற்குப் போகிறான். கணப்பைச் சூழ்ந்த கூட்டம் முற்றும் கரைந்துபோயிற்றானால் இனி வேலைக்கு ஆள் இல்லை என்று பொருள். கூட்டம் பெருகிக்கொண்டே போயிற்றானால், நம்மை நம்பி வந்த ஜனங்களுக்கு ஜீவனோபாயம் அமைத்துத்தர நாம் தவறிவிட்டோம் என்று பொருள். கோட்டையின் பலத்தை அளந்தறிய இந்த ஒரு கணப்பைக் காட்டிலும் நம்பத்தக்க அளவுகோல் அந்த விளையாட்டில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

மத்திய கால ஐரோப்பாவின் கோட்டைகளைக் கட்டவும் காக்கவும் நம்மை அழைக்கின்ற விளையாட்டுக்கள் பல வந்திருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை யுத்தத்தைப் பிரதானமாக வைத்து, உழவையும் உணவையும் அதற்கு வேண்டிய பணத்தைத் திரட்டும் சாதனமாக மட்டுமே பாவிக்கின்றன. மதிலின் மீது நிற்கும் வில்லாளியும், மாவு மூட்டையைச் சுமந்து செல்லும் சிறுவனும் ஒரே ஜீவனின் இரண்டு அவயவங்கள் என்பதை உணர்ந்து செய்யப்பட்டவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றைப் பற்றியும், அவற்றை எவ்வாறு ஆடவேண்டும் என்பது பற்றியும் நீண்ட நாள் பழக்கத்தில் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்த வகையின் பூர்வ சரித்திரம் நீண்டதன்று. 1991இல் இண்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட காஸில்ஸ் என்ற விளையாட்டு, கோட்டையின் படத்தை நம்மையே வரையச் சொல்லி, கொத்தர்களையும் தச்சர்களையும் கூலிக்கு அமர்த்தி அதனை மெல்ல மெல்ல எழுப்பச் செய்தது. 1994இல் இம்ப்ரஷன்ஸ் நிறுவனத்தின் லார்ட்ஸ் ஆஃப் தி ரெல்ம் வந்தது. இங்கிலாந்தின் நாடுகளை ஒவ்வொரு பருவமாக ஆண்டு, விதைப்பதும் கால்நடை பெருக்குவதும் குடிகளுக்குப் படியளப்பதும் அதன் உயிரான காரியங்கள். அந்த நிறுவனத்தில் பயின்ற சைமன் பிராட்பரி முதலியோர் 1999இல் ஃபயர்ஃபிளை என்ற பெயரில் தனியே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 2001இல் ஸ்ட்ராங்ஹோல்டை வெளியிட்டார்கள். முன்னதிலிருந்த கல்லும் பின்னதிலிருந்த சோறும் இதில்தான் ஒரே முற்றத்தில் ஒன்றையொன்று சந்தித்தன.

ரொட்டி ஒன்று பிறக்கும் வழியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏனெனில் இந்த விளையாட்டின் ரகசியம் முழுவதும் அந்த வழியிலேதான் இருக்கிறது. உழவன் கோதுமையை அறுத்துப் பண்டக்கிடங்கிலே கொண்டுவந்து சேர்க்கிறான். காற்றாலைச் சிறுவர்கள் அங்கிருந்து கோதுமையைச் சுமந்துபோய் மாவாக்கி, மாவை மீண்டும் அதே கிடங்கிலே வைக்கிறார்கள். ரொட்டிக்காரன் வந்து மாவை எடுத்துப்போய், அடுப்பிலிட்டுச் சுட்டு, ரொட்டியைக் களஞ்சியத்திலே சேர்க்கிறான். இத்தனையும் நடந்தே செய்யப்படுபவை. ஆகவே காற்றாலையும் ரொட்டிக்கடையும் கிடங்கிற்கு அருகிலும், களஞ்சியம் ரொட்டிக்கடைக்கு அருகிலும் அமைய வேண்டும். காலி இடம் கிடைத்த பக்கமெல்லாம் கட்டிடத்தை வைத்துவிட்டால், தொழிலாளியின் பொழுது தொழிலிலே கழியாமல் வழியிலேயே கழிந்துவிடும். நான் கட்டிய முதற் கோட்டை ஒன்றில் காற்றாலையை அழகுக்காக ஒரு குன்றின்மேல் வைத்திருந்தேன். ஆறு கோதுமை வயல்கள் பொன்போல் விளைந்து நின்றன. கிடங்கிலே கோதுமை மூட்டைகள் அடுக்கடுக்காக உயர்ந்தன. ஆயினும் களஞ்சியத்திலே ரொட்டி இல்லை. அந்த ஆலைச் சிறுவர்களில் ஒருவனை அவன் புறப்பட்டதிலிருந்து திரும்பும் வரையில் கண்ணெடாமல் பின்தொடர்ந்து பார்த்த பிறகுதான், என் கோட்டை பஞ்சத்தில் வீழ்ந்தது அந்தக் குன்றின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் என்று விளங்கிற்று. புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் கூறக்கூடிய முதல் யோசனை இதுவே: ஏதேனும் ஒரு பண்டம் குறைகிறதென்றால் உடனே இன்னொரு கட்டிடத்தை எழுப்பாதீர்கள், ஓர் ஆளைத் தேர்ந்து அவன் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

ரொட்டி சுடும் வரையில் ஜனங்கள் பட்டினி கிடக்க முடியாது. வேட்டைக்காரன் கொணரும் இறைச்சியும், ஆப்பிளும், பால்பண்ணையின் பாற்கட்டியும் அதற்கு முன்னேற்பாடு. உணவின் வகைகள் கூடக்கூட ஜனங்களின் அபிமானமும் கூடுகிறது. அளவை மட்டும் பார்க்காமல் வகையையும் பார்க்க வேண்டும் என்ற இந்த நுட்பத்தை வகுத்தவர்கள், பசித்தவனுடைய மனத்தை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

அபிமானம் என்ற இந்த எண் ஐம்பதுக்கு மேலிருக்கும்வரை, தங்குவதற்குக் குடிசையும் இருந்தால், புதிய குடிகள் வந்துகொண்டிருப்பார்கள். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் இருக்கிறவர்களும் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போய்விடுவார்கள். படியை உயர்த்தலாம், வரியைக் குறைக்கலாம், வரியே வாங்காமல் எதிரே பொன் கொடுக்கவும் செய்யலாம். கோயில் கட்டிப் பாதிரியாரை அனுப்பி ஆசீர்வதிக்கச் செய்யலாம். ஹாப்ஸ் கொடி பயிரிட்டு மது வடித்துச் சத்திரத்திலே ஊற்றலாம். இவற்றுள் எதுவும் தனித்து நின்று ஒரு நாட்டைத் தாங்குவதில்லை. கைதேர்ந்தவர்கள் படியையும் மதுவையும் கோயிலையும் கொண்டு அபிமானத்தைத் தேடிவைத்துக்கொண்டு, அந்த மிகுதியை வரியாக மாற்றிப் பொன்னாக்கிக்கொள்கிறார்கள். இதன் நடுவே ஒரு கடினமான தெரிவும் வைக்கப்பட்டிருக்கிறது. தூக்குமரத்தையும் கால்விலங்குக் கட்டையையும் நிலவறையையும் நாட்டினால், ஜனங்கள் அச்சத்தால் அதிகம் உழைக்கிறார்கள், ஆனால் அபிமானம் தேய்கிறது, சேனையின் போர்த்திறனும் குன்றுகிறது. பூந்தோட்டமும் வசந்தக் கம்பமும் சிலைகளும் அமைத்தால் உழைப்பு சற்றே தளர்கிறது, ஆயினும் வீரர்கள் உற்சாகத்தோடு போர்புரிகிறார்கள். அவசரத்தில் தூக்குமரத்தின் பக்கம் சாய்கிறவர்கள் பலர். முற்றுகை நாளில் மதில்மேல் நிற்கப்போகிறவர்கள் அந்த அச்சத்திலே வளர்ந்தவர்களே என்பதை நினைத்து, நான் எப்போதும் தோட்டத்தின் பக்கமே நிற்கிறேன்.

இனி மதிலுக்கு வருவோம். கல்லுடைக்கும் குழி மாத்திரம் போதாது. உடைத்த கல்லைக் கிடங்கிற்குக் கொண்டுசேர்க்க எருதுகள் வேண்டும், குழி ஒன்றுக்கு எருது ஒன்று என்று வைத்தால் கல் குழியருகிலேயே தேங்கிவிடும். மதிலை வளைத்துக் கட்டும்போது வயல்களை எல்லாம் உள்ளே அடக்கிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் தோன்றுகிறது. அவ்வளவு நீண்ட மதிலைக் காக்க வில்லாளிகள் இல்லாமற்போவதை முதல் முற்றுகையிலே காண்கிறார்கள். களஞ்சியம், கிடங்கு, ரொட்டிக்கடைகள், ஆயுதப் பட்டறைகள் ஆகியவற்றை மட்டும் உள்ளே வைத்து, வயல்களை வெளியே விட்டு, உயர்ந்த கொத்தளங்களின் மீது வில்லாளிகளை நிறுத்தி அவர்களுடைய அம்பின் நிழலிலே வயல்களைக் காப்பதே உசிதம். உயரம் கூடக்கூட அம்பு செல்லும் தூரமும் கூடுகிறது. மதில் முகட்டில் பல்லும் இடைவெளியுமாக வீரனை மறைத்து நிற்கும் அமைப்புக்கு நம் பழைய நூல்களில் ஞாயில் என்று பெயர். அதற்குப் பின்னே நிற்கும் வில்லாளிக்கும் வெட்டவெளி மதிலில் நிற்பவனுக்கும் உள்ள வேற்றுமை பகைவரின் அம்பு வந்தவுடன் தெரியும். சதுப்பில் ஊறும் கீலை எடுத்து மதிலுக்கு வெளியே பள்ளத்தில் நிரப்பி, பகைவர் அதன்மேல் வரும்போது தீயம்பு எய்து கொளுத்தலாம். ஆனால் நெருப்புக்குச் சொந்தம் பந்தம் தெரியாது. அது வீசி நம் குடிசைகளிலும் பற்றும், ஆகையால் அருகிலே கிணறு இல்லாமல் கீலில் கைவைக்கலாகாது.

மதிலைக் கீழிருந்து சாய்க்கும் சுரங்கக்காரனுக்கு அகழியே மருந்து. அந்தச் சுரங்கக்காரன் கற்பனையில் பிறந்தவனல்லன். 1215இல் இங்கிலாந்தின் அரசன் ஜான், ராசெஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டு, அதன் உள்கோட்டையின் மூலையொன்றுக்கு அடியிலே குடைந்து மரக்கால்கள் நட்டு, அவற்றை எரித்து மூலையை வீழ்த்துவதற்காகக் கொழுத்த பன்றிகள் நாற்பதை அனுப்பும்படி எழுதிய உத்தரவு இன்றும் இருக்கிறது. பன்றிக் கொழுப்பு அங்கே எரிபொருளாயிற்று. மூலை விழுந்த பின்னும் உள்ளிருந்தவர்கள் பணியவில்லை. தங்கள் குதிரைகளைத் தின்று தீர்த்துப் பசி மேலிட்ட பின்னரே சரணடைந்தார்கள். பிற்காலத்தில் அந்த மூலையை மீண்டும் எழுப்பியபோது வட்டமாக எழுப்பினார்கள். ஆகையால் மூன்று மூலை சதுரமும் ஒன்று வட்டமுமாக அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. விளையாட்டில் சதுரக் கொத்தளம், வட்டக் கொத்தளம் என்று இரண்டு சித்திரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு ராசெஸ்டரின் அந்த மூலை நினைவுக்கு வருகிறது.

2002இல் வந்த ஸ்ட்ராங்ஹோல்ட் குரூசேடர் சிலுவைப் போர்க் காலத்துப் பாலைநிலத்துக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது. அங்கே பயிர் விளைவது நீரூற்றை ஒட்டிய பசுந்தரையில் மட்டுமே. ஆகவே எதிரியின் கோட்டையைக் காட்டிலும் அந்தப் பசுந்திட்டை முதலிற் கைப்பற்றுகிறவன் பாதி யுத்தத்தை வென்றவனாகிறான். சலாதீனும் சிங்கநெஞ்சன் ரிச்சர்டும் அதிலே எதிரிகளாகவோ துணைவர்களாகவோ தோன்றுகிறார்கள். அந்த ரிச்சர்டே 1196 முதல் 1198 வரையில் நார்மண்டியில் சீன் நதிக்கரைப் பாறையின்மேல் கட்டிய ஷாத்தோ கையார், அக்காலத்துக் கோட்டைக் கலையின் உச்சம் என்று போற்றப்பட்டது. அவன் இறந்தபின் பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப் 1203இல் அதனை வளைத்தான். உள்ளே அடைக்கலம் புகுந்த ஊர்ஜனங்களால் உணவு கரைவதைக் கண்ட கோட்டைத் தலைவன் ரோஜர் டி லேசி அவர்களை வெளியேற்றினான். முதலில் சென்றவர்களைப் போகவிட்ட பிரெஞ்சுச் சேனை, பின்னர் வந்தவர்களைத் தடுத்துவிட்டது. மதிலுக்கும் முற்றுகைக்கும் இடையே அந்த மாரிக்காலத்தில் பலர் பசியால் மடிந்தார்கள். 1204 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது. விளையாட்டில் படியைப் பாதியாக்கும் குறியைத் தொடுமுன் என் கை ஒரு நொடி தயங்குவதற்கு அந்த மாரிக்காலமே காரணம்.

பின்னர் வந்தவற்றைப் பற்றிச் சுருங்கச் சொன்னாற் போதும். 2005இல் வந்த ஸ்ட்ராங்ஹோல்டின் இரண்டாம் பாகம் முப்பரிமாணக் காட்சியையும், திருட்டு, கழிவு, எலி முதலிய புதிய கவலைகளையும் சேர்த்தது. கவலைகள் பெருகினவேயன்றி முதலாவதன் தெளிவு அதிலே இல்லை. முதலாவதே 2023இல் புதுப்பொலிவோடு மறுபடியும் வெளிவந்தது. 2024இல் வெளியான மேனர் லார்ட்ஸ் குடியானவனுடைய வீட்டையும் கொல்லையையும் உழவுசாலையும் இதுகாறும் எவரும் காட்டாத அழகோடு காட்டுகிறது. கிராமத்திலே மனம் தோய்ந்தவர்கள் அதனை அவசியம் ஆடவேண்டும்.

ஸ்ட்ராங்ஹோல்டில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. கிடங்கிலே கல் இருந்தால் போதும். மதில் ஒரே நொடியில் எழுந்துவிடுகிறது. கொத்தன் இல்லை, சாரம் இல்லை, சுண்ணாம்பு குழைப்பவன் இல்லை. முப்பதாண்டுக்கு முந்திய காஸில்ஸ் இந்த விஷயத்தில் சத்தியத்துக்கு அருகில் நின்றது. பிரான்சின் பர்கண்டியிலுள்ள கெதலோன் என்ற இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றை அக்காலத்துக் கருவிகளைக் கொண்டே கட்டத் தொடங்கியது 1997இல். இருபதாண்டு கடந்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கோட்டைக்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதற்கு அதனினும் பழைய சான்று வேல்ஸ் நாட்டின் போமாரிஸில் இருக்கிறது. முதலாம் எட்வர்டு அரசனுக்காக அங்கே 1295இல் வேலை தொடங்கிய கோட்டைச் சிற்பி மாஸ்டர் ஜேம்ஸ், அடுத்த ஆண்டில் அரசாங்கப் பொக்கிஷத்தாருக்கு எழுதிய கடிதத்தில், நானூறு கொத்தர்கள், இரண்டாயிரம் சிற்றாட்கள், இருநூறு கல்லுடைப்போர், நூறு வண்டிகள், முப்பது படகுகள் வேண்டியிருப்பதைக் கணக்கிட்டுக் காட்டி, கூலி பாக்கி நிற்பதால் ஆட்களுக்கு உண்டு வாழ வழியில்லை, அவர்களை நிறுத்திவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்று முறையிட்டான். பணம் வேண்டிய அளவு வரவில்லை. போமாரிஸின் உட்சுற்றுக் கொத்தளங்கள் வரைந்த உயரத்தை எட்டாமல் இன்றும் அப்படியே நிற்கின்றன.